கீழ்வீட்டுச் சூடு

— செத்துப் போச்சு தம்பி. இனி இதைக் கழட்டிப் பழைய இரும்புக் கடையிலதான் போடணும்.

— என்ன பெக்கிர் உஸ்தா, இன்னும் ஒரு டீ கூடக் குடிக்கலை, அதுக்குள்ள என் பாய்லரைச் சாகடிச்சுட்டீங்களே?

— நான் சாகடிக்கலை நெவ்ஸாத் தம்பி, குளிர் சாகடிச்சிருக்கு. கிட்ட வந்து பாருங்க. உள்ள நின்ன தண்ணி உறைஞ்சு பித்தளையைப் பிளந்திருக்கு. என் விரலே நுழையுது. இது சும்மா ஆகாது. கரண்ட் இல்லாமக் கிடந்தாத்தான் ஆகும். ப்ளக்கை யார் பிடுங்கினது?

— வேற யாரு, எங்க வீட்டுத் துரைதான். குளிச்சு முடிச்சதும் ஈரத் துண்டோட பால்கனிக்கு ஓடிவந்து பிடுங்கிடுவாரு.

— குல்சூம், ஆள் முன்னாடி ஆரம்பிக்காதே.

— நான் எங்க ஆரம்பிச்சேன்? அவர் கேட்டாரு, சொன்னேன்.

— கோவிச்சுக்காதீங்க அண்ணி, தொழில் விஷயம், கேட்டுத்தான் ஆகணும். ப்ளக் மட்டும் போட்டபடி இருந்திருந்தா, எவ்வளவு குளிர் அடிச்சாலும் இது தானாவே கொஞ்ச நேரம் எரிஞ்சு தன்னைக் காப்பாத்திக்கிட்டிருக்கும். இந்த சிவாஸ் ஊர்ல, ஜனவரியில, பால்கனியில தொங்குற பாய்லரோட ப்ளக்கைப் பிடுங்குற மனுஷனை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

— நல்லாப் பார்த்துக்கோங்க. நான் தினமும் பார்க்கிறேன்.

— சரி, சரி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மென்னு துப்பியாச்சுன்னா விஷயத்துக்கு வருவோம். போன்ல ரெண்டு பாய்லர் சொன்னீங்களே உஸ்தா, அது என்ன?

— ரெண்டுமே கேஸ்ல எரியுற சின்னப் பெட்டி. ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே அகலம். இந்தப் பழசுல பாதிதான் இருக்கும். சமையலறை அலமாரிக்குள்ளயே மாட்டிரலாம், பால்கனியில தொங்கவிட வேண்டாம். வித்தியாசம் உள்ள இருக்கு. சின்னது இருபத்துநாலு கிலோவாட், பெருசு முப்பது. பெருசு போட்டா இந்தக் குளிர்லயும் எல்லா ரூமும் சுடும், குளிக்கத் தண்ணியும் தாராளமா வரும். சின்னது கொஞ்சம் அடக்கம்.

— சின்னது போதும்.

— பெருசு போடுங்க உஸ்தா.

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னா நான் எதை வண்டியில ஏத்துறது?

— சின்னதை ஏத்துங்க. நமக்கு அது சும்மா துணைக்குத்தான். இந்த வீட்டுக்குச் சூடு கீழ இருந்து வருது.

— கீழ இருந்தா?

— கீழ்வீட்டுல ரசீம் பெரியப்பா இருக்காருல்ல...

— ரயில்வே ஒர்க்‌ஷாப் ரசீம் தானே? தெரியும். போன வருஷம் அவர் வீட்டு பாய்லரை மாட்டினதே நான்தான். அவரும் இதே ரெண்டுல எதுன்னு...

— அப்படின்னா உங்களுக்கே தெரியுமே உஸ்தா! தனிக்கட்டை, ஆனா வீடு ஹம்மாம் வெந்நீர்க் கூடம் மாதிரி கொதிக்கும். அந்தச் சூடு எங்க போகும்? நேரா நம்ம தரைக்கு. வெளியே மைனஸ் இருபதுல நாய் நடுங்கும், நான் இங்க வெறுங்காலோட நடப்பேன். இந்த வீட்டுக்குக் குடி வந்ததுல இருந்து ஒரு குளிர்காலம் கூட நான் ரூம் சூடாக்குற ரேடியேட்டரைத் திறந்ததில்லை. பாய்லர்னா குளிக்கத் தண்ணி சுட வைக்க மட்டும்தான்.

— ஊரான் நெருப்புல குளிர் காயுறதை இப்படிப் பெருமையாச் சொல்லிக்க உன்னாலதான் முடியும்.

— இந்த ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் இருக்கான் குல்சூம். நடுமாடியில வீடு தேடுறதே அதுக்குத்தான். என்ன உஸ்தா, நான் சொல்றது பொய்யா?

— பொய்யில்லை. நான் போற பில்டிங் எல்லாத்துலயும் ஒருத்தர் எரிக்கிறாரு, இன்னொருத்தர் காயுறாரு. அதனாலதான் நான் அளவு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்பேன். கீழ்வீடு எரியுதா?

— எரியும்.

— எரியுதான்னு கேட்டேன் தம்பி.

— எரியலை உஸ்தா. காலுறையைக் கழட்டிட்டு இந்தத் தரையில கால் வச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எங்கம்மா வீட்டுல இருந்து பிள்ளையோட திரும்பி வந்தப்போ எப்பவும் போல வெதுவெதுன்னு இருந்துச்சு. சனிக்கிழமையும் அப்படியேதான். ஞாயித்துக்கிழமை கண்ணு முழிச்சப்போ கல்லறை மாதிரி இருக்கு. இவர் பதறிப்போய் நம்ம பாய்லரைப் போட்டாரு. அது படார்னு வெடிச்சு பால்கனி பூராத் தண்ணி.

— வெடிக்கலை. கொஞ்சம் சத்தம் போட்டுச்சு.

— நேத்து ராத்திரி தாஹாவுக்கு அடுப்பு முன்னாடி பாய் விரிச்சேன். நாலு வயசுப் பிள்ளை உஸ்தா. மூச்சு இழுப்பு இருக்கு. விடிய விடிய அவன் நெஞ்சுல கை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உள்ள விசில் அடிக்கிற மாதிரி இருக்கு. இப்ப எதிர்வீட்டு அக்காகிட்ட விட்டிருக்கேன், அங்கயாவது சூடா இருக்கட்டும்னு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த வீடு சூடாகலைன்னா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் அம்மா வீட்டுக்கே போயிடுவேன். போனா வசந்தத்துக்குத்தான் வருவேன். வருவேனோ, மாட்டேனோ.

— பாருங்க உஸ்தா, பாய்லர் பேச்சு எங்க போய் நிக்குதுன்னு.

— நான் பேச்சுக்குச் சொல்லலை நெவ்ஸாத்.

— சாயங்காலத்துக்குள்ள மாட்டிரலாம் அண்ணி. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா கீழ்வீடு எரியலைன்னா சின்னது இந்த வீட்டுக்குக் காணாது. அடியில ஐஸ், வெளியே ஐஸ். இதைத் தெரிஞ்சுக்காம நான் மாட்டிட்டுப் போனா, நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க. அவர் ஏன் எரிக்கலை?

— கோபம். வேற ஒண்ணுமில்லை. கிழவருக்கு என் மேல கோபம்.

— என்ன கோபம்?

— அட, விடுங்க உஸ்தா.

— சொல்லு, சொல்லு. வெட்கப்படாதே. உஸ்தாவும் கேட்கட்டும்.

— பில்டிங் கூட்டத்துல நாலு பேர் முன்னாடி சொல்றாரு. ‘நெவ்ஸாத், நீயும் கொஞ்சம் எரிப்பா, என் ஒருத்தனால முடியலை’ன்னு. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. எல்லாப் பயலும் சிரிக்கிறான். நானும் விடலை. ‘நீங்க எரிங்கன்னு நான் வந்து கெஞ்சினேனா? அவ்வளவு வலிச்சா அணைச்சுட்டுப் படுங்க’ன்னேன். அணைச்சுட்டாரு. அவ்வளவுதான் கதை.

— அந்தக் கூட்டம் நடந்து மாசம் ஒண்ணாச்சு. மாசம் பூரா எரிச்ச மனுஷன் இப்பத்தான் கோவிச்சுக்கிட்டாரா?

— வயசானவங்களுக்குக் கோபம் மெதுவாத்தான் ஏறும். அதுவும் தவிர, தட்டல் தகராறு ஒண்ணு இருக்கு.

— அது என்ன தட்டல்?

— இந்தா பாருங்க, இந்தக் குழாய். சுவரோரமா மேல இருந்து கீழ வரைக்கும் போகுதுல்ல?

— கரி எரிச்ச காலத்துக் குழாய். இப்ப வெறும் கூடு. அறுத்து எடுக்காம விட்டிருக்காங்க.

— அதேதான். இந்த பில்டிங்ல யாராவது குழாயைத் தட்டினா, வாயை மூடுன்னு அர்த்தம். டிவி சத்தம், சண்டைச் சத்தம், பிள்ளை ஓடுற சத்தம், எல்லாத்துக்கும் தட்டு. கீழ இருக்கிறவரு தாஹா ஓடினா தட்டுவாரு. ரெண்டு தட்டு, அதோட நிறுத்திப்பாரு. போன வாரம் பாருங்க, விடவே இல்லை. டொக்கு டொக்குன்னு, நிறுத்துறாரு, மறுபடி டொக்கு. மரங்கொத்தி மாதிரி. மனுஷன் எவ்வளவு நேரம் பொறுப்பான்? குல்சூமோட மாவு தேய்க்கிற கட்டையை எடுத்தேன், குழாயைப் போட்டு நாலு வாங்கு வாங்கினேன் பாருங்க, அடங்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்லை.

— என் கட்டையையா? இதை என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

— கட்டைக்குத் தலைவலி வந்துச்சா? இதையெல்லாமா உன்கிட்ட வந்து சொல்லிக்கிட்டிருப்பாங்க?

— தம்பி, அப்படிக் கொஞ்சம் நகருங்க. பால்கனிக் கண்ணாடியைத் திறக்கிறேன்.

— உஸ்தா, குளிர்!

— உள்ள மட்டும் என்ன வாழுதாம்? ரெண்டு பேரும் எட்டிப் பாருங்க. எதிர் பில்டிங்ல ஒவ்வொரு வீட்டுப் புகைக்குழாயும் வெள்ளையா ஊதுது, தெரியுதா? இந்தக் குளிர்ல எரியுற பாய்லர் அப்படித்தான் மூச்சு விடும். இப்ப நம்ம பக்கம், நேர் கீழ பாருங்க. ரசீம் பெரியப்பா குழாய். மூச்சு இருக்கா?

— இல்லை.

— குழாய் முனையில ஐஸ் தொங்குது, ஆனா காய்ஞ்ச ஐஸ். புதுசா ஒரு சொட்டு இல்லை. இது நேத்து இன்னிக்கு நின்னது இல்லை அண்ணி.

— அப்ப ஊருக்குப் போயிருப்பாரு. கைசேரியில மக வீடு இருக்குல்ல. கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாரு. முடிஞ்சது.

— இப்பத்தான் வீட்டுல இருந்துக்கிட்டே கோபத்துல அணைச்சுட்டாருன்னு சொன்ன. இப்ப ஊருக்குப் போயிட்டாரா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு.

— ரெண்டும்தான். கோவிச்சுக்கிட்டாரு, அணைச்சாரு, போயிட்டாரு.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவர் அணைக்க மாட்டாரு.

— அதெப்படி உங்களுக்குத் தெரியும்?

— இதே ரெண்டு பாய்லரையும் நான் அவர் முன்னாடி வச்சேன். நான்தான் சொன்னேன், ‘பெரியப்பா, நீங்க ஒத்தை ஆள், சின்னதே உங்களுக்கு அதிகம், பெருசு வேண்டாம்’னு. பாய்லர் விக்கிறவன் நான். பெருசை வித்தா எனக்குத்தானே லாபம்? அப்படியும் மனசு கேக்காமச் சொன்னேன். அவர் கேட்கலை. ‘பெருசையே போடு பெக்கிர்’னாரு. ‘எதுக்கு, நீங்க படுக்கிறது ஒரு ரூம்லதானே’ன்னேன். மேல விரலைக் காட்டுறாரு. ‘நான் ஒரு ரூம்ல படுக்கிறேன், சரி. என் ஹாலுக்கு மேல ஒரு சின்னப் பையன் படுக்கிறான். மூச்சு இழுக்கும் போது எனக்குக் கேக்குது. அவங்கப்பன் எரிக்க மாட்டான். எரிக்கிற ஆளா இருந்தா எனக்கு இந்தச் செலவு எதுக்கு?’ன்னாரு.

— பெரியப்பா அப்படியா சொன்னாரு?

— அப்படியே. அதனாலதான் ஹால்ல ரெண்டு ரேடியேட்டர் போடச் சொன்னாரு. அவர் அந்த ஹால்ல உட்காரக்கூட மாட்டாரு அண்ணி. டிவியே படுக்கை ரூம்லதான் இருக்கு.

— கேட்டியா நெவ்ஸாத்?

— கேட்டேன்.

— வெறுங்காலோட நடப்பேன்னியே. கேட்டியா?

— கேட்டேன்னு சொல்றேன்ல! எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருக்கலாமே. கூட்டத்துல வச்சு மானத்தை வாங்கத் தெரியுது, பையனுக்காகத்தான்டா எரிக்கிறேன்னு தனியாக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியலையா?

— ‘என் ஒருத்தனால முடியலை’ன்னு சொன்னாரே. அதுக்கு மேல என்ன சொல்லணும்?

— பாய்லரை அப்புறம் பார்க்கலாம். கீழ போய் ஒரு தடவை மணி அடிச்சுட்டு வாங்க தம்பி.

— நானா? நான் போனா மன்னிப்புக் கேக்க வந்தேன்னு நினைப்பாரு.

— நினைக்கட்டுமே! கேட்டாத்தான் என்ன, உன் கிரீடம் இறங்கிடுமா?

— குல்சூம், கொஞ்சம் பொறு. சாயங்காலம் போறேன். ஒரு பெட்டி பக்லவா வாங்கிட்டுப் போறேன். வெறுங்கையோட எப்படிப் போறது?

— சண்டை போட வேண்டாம். நானே போறேன். எனக்கும் அவர்கிட்ட ஒரு வேலை பாக்கி இருக்கு. அவர் லைன்ல ஒரு இணைப்பு லேசாக் கசியுது. மாட்டினப்பவே பார்த்தேன். அடுத்த வாரம் வந்து சரி பண்றேன்னு சொல்லிட்டு, வேலை வேலைன்னு நான் வரவே இல்லை. பாய்லர்ல தண்ணி குறைஞ்சா அதுக்கு அடியில இருக்கிற தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுக்கோங்கன்னு சொல்லி, என் ஸ்பானரையே அவர் கையில கொடுத்துட்டுப் போனேன். அது ஆச்சு ஒரு வருஷம். இருங்க, போய்ட்டு வந்துடுறேன்.

— உஸ்தா இறங்கிப் போயிட்டாரு. பால்கனிக் கண்ணாடியைச் சாத்து, குளிர் வருது.

— நீ போயிருக்கணும் நெவ்ஸாத்.

— உஸ்தா போனா என்ன, நான் போனா என்ன? பெரியப்பா கைசேரியில மக வீட்டுல உட்கார்ந்து மந்திக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு. நீ வேணும்னா பாரு. நாம இங்க நடுங்கிக்கிட்டு அவருக்காகக் கவலைப்படுறோம்.

— தினமும் அவர் வாசலைத் தாண்டித்தானே ஏறி வர்ற. செருப்பு இருந்துச்சா வெளியே?

— யார் பார்த்தா? இருந்திருக்கும். ஒரு ஜோடி எப்பவும் கிடக்கும்.

— அவருக்கு இருக்கிறதே ஒரு ஜோடிதான்.

— இப்ப என்னைப் போலீஸ் மாதிரி விசாரிக்கப் போறியா?

— மேல கேக்குதா அண்ணி? மணி அடிச்சேன், கதவைத் தட்டினேன், பதில் இல்லை!

— கேக்குது உஸ்தா! போன் அடிச்சுப் பாருங்க!

— அடிச்சேன்! உள்ளதான் மணி அடிக்குது, யாரும் எடுக்கலை! வாட்ச்மேன் துர்சுன் இங்கதான் நிக்கிறான். அவன் கவலைப்பட வேண்டாங்கிறான். தினமும் காலையில கதவுக் கைப்பிடியில ரொட்டிப் பையை மாட்டுறானாம், மறுநாள் வந்து பார்த்தா பை காலியாத்தான் இருக்காம். வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளும் ரொட்டியை எடுத்திருக்காராம். அப்ப ஆள் உள்ளதான் நல்லா இருக்காரு, காது கேக்காமத் தூங்கிட்டிருப்பாருங்கிறான்!

— அல்லாவுக்குப் புகழ். நெவ்ஸாத், ரொட்டி எடுத்திருக்காரு. எனக்கு உயிரே இப்பத்தான் வந்துச்சு. ரொட்டியை எடுத்தாருன்னா நடமாடுறாருன்னுதானே? ஏன் முகத்தைத் திருப்பிக்கிற?

— ஒண்ணுமில்லை.

— என்னைப் பாரு.

— ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல.

— சனிக்கிழமை சாயங்காலம் நீ ஒரு ரொட்டி கொண்டுவந்த. காய்ஞ்சு கிடந்துச்சு. பேக்கரியில இன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சுன்ன. நான் தர்ஹானா சூப்புல பிச்சுப் போட்டு தாஹாவுக்குக் கொடுத்தேன். அது எந்த ரொட்டி?

— குல்சூம்...

— எந்த ரொட்டி?

— தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆள் ஊர்ல இல்லைன்னு நினைச்சேன். ரொட்டியை வீணாக்கினா பாவம்தானே? நாய் இழுத்துட்டுப் போகும், காய்ஞ்சு குப்பைக்குப் போகும். எடுத்தேன். திருட்டா அது? பக்கத்து வீட்டு ரொட்டி.

— மூணு நாளுமா?

— மூணு நாளும்தான்.

— உஸ்தா! உஸ்தா, கதவை உடைங்க! ரொட்டியை எடுத்தது அவர் இல்லை! இவரு! எங்க வீட்டுக்காரரு! துர்சுன்கிட்ட சாவி இருந்தா திறக்கச் சொல்லுங்க, இல்லைன்னா உடைங்க!

— கத்தாதே, பில்டிங் பூரா கேக்குது.

— கேக்கட்டும்! அந்தப் பையில ரொட்டி அப்படியே இருந்திருந்தா துர்சுன் சனிக்கிழமையே கதவைத் திறந்திருப்பான். புரியுதா உனக்கு? சூட்டையும் எடுத்த, ரொட்டியையும் எடுத்த. அந்த மனுஷனுக்குன்னு மிச்சம் என்ன வச்ச?

— எனக்கு எப்படிக் குல்சூம் தெரியும்? நீயே சொல்லு, எனக்கு எப்படித் தெரியும்? நான் கெட்டவனா? வாசல்ல பார்த்தா சலாம் சொல்வேன். பண்டிகைக்குக் கையை முத்தம் கொடுத்திருக்கேன். பையனையே அனுப்பி இனிப்பு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

— வாங்கிட்டு வரத்தான் அனுப்புவ. பேசாதே. சாவி திருகுற சத்தம் கேக்குது.

— துர்சுன்கிட்ட சாவி இருந்திருக்கு.

— பேசாதேன்னேன்.

— உஸ்தா! பெக்கிர் உஸ்தா! என்னாச்சு?

— ஏன் பதில் வரலை? குல்சூம், நான் கீழ போகட்டுமா?

— இப்பவா? இரு. படியேறி வர்றாரு.

— அண்ணி, நீங்க கீழ போக வேண்டாம். கதவைச் சாத்துங்க. எனக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்க.

— உஸ்தா, உயிர் இருக்கா?

— இல்லை அண்ணி. அல்லா அவர் மேல கருணை வைக்கட்டும். துர்சுன் ஆம்புலன்சுக்குப் போன் பண்றான், ஆனா அதுக்கு இனி அவசரம் ஒண்ணும் இல்லை.

— ஐயோ பெரியப்பா!

— தூக்கத்துலயா உஸ்தா? தூக்கத்துலதானே? வயசானவரு, தூக்கத்துலதான் போயிருப்பாரு.

— தூக்கத்துல இல்லை தம்பி. ஹால்ல, தரையில. விழுந்திருக்காரு. இடுப்பு முறிஞ்சிருக்கும் போல, ஒரு கால் திரும்பிக் கிடக்கு. போன் படுக்கை ரூம்ல சார்ஜ்ல இருக்கு. அவரால அங்க போக முடியலை. குழாய் வரைக்கும் நகர்ந்து வந்திருக்காரு, கம்பளம் பூரா சுருண்டு கிடக்கு.

— எந்தக் குழாய்?

— இந்தா, இதே குழாய். கையில என் ஸ்பானர்.

— அவர் பாய்லரை அணைச்சாரா உஸ்தா? கோபத்துலதான் அணைச்சாரா?

— யாரும் அணைக்கலை. சுவிட்ச் போட்டபடியே இருக்கு, சூடு கடைசி வரைக்கும் ஏத்தி வச்சபடியே இருக்கு. தண்ணி குறைஞ்சு தானா நின்னிருக்கு. அந்த அடிக்குழாயைத் திறந்து தண்ணி விட ஆள் இல்லை. அந்த ஒரு கசிவு, நான் சரி பண்ணாத கசிவு. அவர் விழுந்து, போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறமும் அது எரிஞ்சிருக்கு அண்ணி. வெள்ளி, சனி ரெண்டு நாளும் உங்க தரை சுட்டதுன்னு சொன்னீங்களே. அது அவர் கீழ அப்படிக் கிடக்கும்போது வந்த சூடு.

— உஸ்தா, போதும்.

— ஒண்ணே ஒண்ணு கேட்கணும். போலீஸ்காரன் வந்து கேட்பான், அதுக்கு முன்னாடி நான் கேட்டுடுறேன். அந்தக் குழாயில பெயிண்ட் கைப்பிடி அளவு உதிர்ந்து குவிஞ்சு கிடக்கு. அவ்வளவு நேரம் தட்டியிருக்காரு. உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?

— கேட்டுச்சு. இப்பத்தானே சொன்னேன். நான் தப்பா எதுவும் பண்ணலை உஸ்தா. தாஹா குதிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தான், அதுக்காகத் தட்டுறாருன்னு நினைச்சேன். எவனா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான். பிள்ளை இருக்கிற வீடு, சத்தம் இருக்கத்தானே செய்யும்?

— இது என்னிக்கு தம்பி?

— மேட்ச் நடந்த அன்னிக்கு. வியாழக்கிழமை ராத்திரி.

— வியாழக்கிழமை ராத்திரி தாஹா எங்கம்மா வீட்டுல என் மடியில தூங்கிக்கிட்டிருந்தான், நெவ்ஸாத்.